நான் சுட்டேன், அவன் சுட்டான்

வீடியோ கேமைப் படமாக்கினால் ஓடாது என்பது ஹாலிவுட்டில் முப்பது வருட நம்பிக்கை. 1993இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அதைத் தொடங்கிவைத்தது. 2023இல் அதே மாரியோ அனிமேஷன் படமாக வந்து 130 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்து அதை முடித்துவைத்தது. இடையில் என்ன மாறியது என்று கேட்டால் ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. கேம் ஆடி வளர்ந்த தலைமுறை இப்போது இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் ஆகிவிட்டது என்பது ஒன்று. மூலக்கதையை மதிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். ஆனால் எது ஓடும் எது ஓடாது என்கிற வியாபாரக் கணக்கோடு அந்தப் பதில்கள் நின்றுவிடுகின்றன. எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது.

என் பிழைப்பு, நிறுவனங்களின் பழைய கணினி அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குத் தரவுகளை மாற்றிக்கொடுப்பது. இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும், பழைய அட்டவணையில் இருக்கும் ஏதோ ஒரு கட்டத்துக்குப் புதிய அட்டவணையில் இடமே இருக்காது. வாடிக்கையாளர் "அது தேவையில்லை, விட்டுவிடுங்கள்" என்பார். அதை விட்டுவிடலாமா என்பதுதான் பெரும்பாலும் அந்த வேலையின் உண்மையான கேள்வி. கேமிலிருந்து திரைக்குப் போகும்போதும் அப்படி ஒரு கட்டம் மிஞ்சுகிறது. கதை போய்ச் சேர்ந்துவிடும். பாத்திரங்கள், இசை, நாயகனின் கிழிந்த சட்டைகூடப் போய்ச் சேரும். 'செய்தது யார்' என்ற கட்டத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாவ்பியில் என் பெரியம்மா கேட்ட கேள்விகளிலிருந்து கிடைத்தது.

மாவ்பி யாங்கோனுக்கு வடக்கே, பியி போகும் சாலையில் இருக்கிறது. 1877இல் திறந்த ரங்கூன்–புரோம் ரயில் பாதை ஊர் வழியாகப் போகிறது. நெல் வயல், கோழிப் பண்ணை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், விமானப்படைத் தளம், அங்கங்கே சில தமிழ்க் குடும்பங்கள். எங்கள் குடும்பம் அவற்றில் ஒன்று. நான் படிக்கவும் பிறகு பிழைக்கவும் சிங்கப்பூர் வந்தேன். பெரியம்மா வீடு அங்கேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் போயிருந்தேன். மின்சாரம் முறைவைத்து வரும், முறைவைத்துப் போகும். நான் ஆடிவிட்டுக் கொடுத்த பழைய பிளேஸ்டேஷனை அண்ணன் மகன் கரண்ட் இருக்கும் நேரத்தில் ஆடுவான். போய்விட்டால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதுவரை ஆடியதைத் தன் ஆயாவுக்குக் கதையாகச் சொல்வான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. கேமை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையை உலகத்தில் தினமும் அதிகம் செய்கிறவர்கள் இப்படிப்பட்ட பையன்கள்தான்.

அன்றைக்குச் சொன்னது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமின் முடிவு. ஆடாதவர்களுக்காகச் சுருக்கம்: ஒரு பூஞ்சை நோய் உலகத்தைத் தின்றுவிட்டது. எல்லி என்ற சிறுமிக்கு மட்டும் அது தொற்றுவதில்லை. அவளை மருத்துவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஜோயலுக்கு. அவன் தன் சொந்த மகளைப் பறிகொடுத்தவன். மருந்து செய்ய வேண்டுமானால் எல்லியின் மூளையை எடுக்க வேண்டும் என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஜோயல் மருத்துவமனைக்குள் புகுந்து எதிர்ப்பட்டவர்களைக் கொன்று சிறுமியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். உலகத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய மருந்து அத்தோடு போகிறது.

பையன் இதைச் சொன்னது ஜோயலின் பெயரில் அல்ல. "நான் ஆஸ்பத்திரிக்குள்ள போனேன் ஆயா. டாக்டரு குறுக்க நின்னாரு. சுட்டேன்."

"டாக்டரையாடா சுட்டே? அவரு கையில துப்பாக்கி இருந்துச்சா?"

"இல்ல. ஆபரேஷன் கத்தி."

"கால்ல சுட்டிருக்கலாம்ல?"

"கால்ல சுட்டாலும் செத்துருவாரு. கேம் அப்படி."

"சுடாம வெளிய வந்திருக்கலாம்."

"வர முடியாது ஆயா. சுடலன்னா கதை நகராது."

"அப்பறம் எதுக்குடா வெளையாண்டே?"

அவனிடம் பதில் இல்லை. பெரியம்மா மெழுகுவத்தியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "பாவம்டா" என்றார்.

இரண்டு நாள் கழித்து என் மடிக்கணினியில் இருந்த தொடரின் கடைசிப் பாகத்தை மூவரும் பார்த்தோம். எச்பிஓ 2023 ஜனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர். கேமை எழுதிய நீல் டிரக்மனும், 'செர்னோபில்' தொடரைத் தந்த கிரெய்க் மேசினும் சேர்ந்து உருவாக்கியது. அதே மருத்துவமனை, அதே மருத்துவர். பெட்ரோ பாஸ்கல் சுட்டார். பையன் "அவன் சுட்டுட்டான் ஆயா, அதே மாதிரி" என்றான். பெரியம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னது அன்றைக்கும் "பாவம்" என்ற ஒரு சொல்தான்.

முதல் நாள் சொன்ன பாவம் புண்ணியத்துக்கு எதிர்ச்சொல். இரண்டாம் நாள் சொன்னது இரக்கம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. ஒரே நிகழ்ச்சி, ஒரே கதை. ஆனால் 'நான்' என்று சொன்னபோது கணக்குக் கேட்டவர், 'அவன்' என்று ஆனதும் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்தார். ஆக, வடிவம் மாறும்போது கதையின் அறமே மாறிவிடுகிறதா? கேமைத் திரைக்குக் கொண்டுபோகிறவர் ரசிகனின் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைக்கிறார் என்றால், அதை வெற்றி என்று சொல்லலாமா?

இதற்கு உடனே வரும் மறுப்பு பையன் சொன்னதுதான். கேமிலும் தேர்வு எங்கே இருக்கிறது? எழுதியவர் ஒரே வாசலைத் திறந்துவைத்திருக்கிறார், நான் அதில் நுழைந்தேன், அவ்வளவுதானே. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கேம்கள் கலையாக முடியாது என்று பிடிவாதமாக வாதிட்டவர். கலைக்குப் படைப்பாளியின் கட்டுப்பாடு வேண்டும், கேமிலோ ஆடுபவர் தேர்வுசெய்கிறார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மாவ்பிப் பையனைக் கேட்டிருந்தால் தேர்வெல்லாம் கிடையாது ஐயா என்று சொல்லியிருப்பான்.

நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதம் இதைவிட மோசம். தானம் என்று எழுதிய ஏணியில் ஒரு பைசா கொடுக்காமல் ஏறலாம்; பொய் என்று எழுதிய பாம்பில் வாயே திறக்காமல் இறங்கலாம். எல்லாம் சோழி செய்கிற வேலை. அறம் கற்பிக்கச் செய்த பலகையில் அறத்துக்கு வேண்டிய முதல் பொருளான முடிவெடுத்தல் கிடையாது. அந்த இரவில் யாரும் குற்ற உணர்ச்சியோடு தூங்கப் போனதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் ஜோயலை ஆடியவர்களுக்கு உறுத்தல் இருந்தது. அந்த அறையில் மருத்துவர் முன்னால் பொத்தானை அழுத்தாமல் சில நிமிடங்கள் சும்மா நின்றவர்களை எனக்குத் தெரியும், நானும் நின்றேன். ஒன்றும் நடக்காது. மருத்துவர் கத்தியோடு நின்றுகொண்டே இருப்பார். வேறு வழி இல்லை என்று தெரிந்த பிறகும் அழுத்தியது என் கட்டைவிரல். "வேறு வழி இல்லை" என்பது செயலை விளக்கும். செய்தவர் பெயரை அழித்துவிடுமா என்பது வேறு விஷயம்.

நான் சிங்கப்பூர் திரும்பிய இரண்டு மாதத்துக்குள், 2024 பிப்ரவரி 10 அன்று, மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. எங்கள் பையன் அப்போது பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சுடலன்னா கதை நகராது என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு என்னால் கேம் பற்றிய வாக்கியமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். துப்பாக்கியைக் கையில் கொடுத்து ஒரே வாசலைத் திறந்து வைக்கிற இடத்தில், "அப்பறம் எதுக்கு வெளையாண்டே" என்று கேட்கவும் முடியாது.

செய்தவர் பெயருக்கான கட்டம் இல்லாத அட்டவணையில் அந்தப் பாரத்தை எங்கே வைப்பது? இந்தச் சிக்கல் ஹாலிவுட்டுக்குப் புதிது, நமக்கு இல்லை. ஓர் ஆட்டத்தைக் காட்சியாக மாற்றும் வேலையைத் தெருக்கூத்து நெடுங்காலமாகச் செய்துவருகிறது. பாரதத்தின் சூதாட்டம் ஓர் ஆட்டம்தானே. பகடை உருளுகிறது, ஒருவன் வைத்துத் தோற்றுக்கொண்டே போகிறான். திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது ஆடுகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. கூத்து ஆடுகிறவனோடு நிற்பதில்லை. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் 'துகிலுரிதல்' நடக்கிற இரவில் பகடை எப்படி விழும் என்று ஊரில் உள்ள குழந்தைக்கும் தெரியும். ஆட்டத்தின் பரபரப்பு கூத்தில் மிஞ்சாது. மிஞ்சுவது அதற்குப் பிறகு சபையில் திரௌபதி கேட்கும் கேள்வி: தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு ஏது உரிமை?

அந்தக் கேள்வி ஆடியவனுக்கு மட்டும் போகவில்லை. பீஷ்மர், துரோணர், திருதராஷ்டிரன் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குப் போகிறது. யாரும் பகடையைத் தொடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். விதுரனும் விகர்ணனும் பேசுகிறார்கள், எடுபடவில்லை. கூத்து பார்க்க வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊராரும் அந்த நேரத்தில் ஒரு சபைதான். ஆடுபவன் தோளிலிருந்து இறங்கிய பாரம் அங்கே காணாமல் போவதில்லை. பார்ப்பவர்கள் தலையில் ஏறுகிறது. துச்சாதனனாக வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் வேடத்திலிருந்து வெளியே வந்து கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. நடிப்புதான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

இங்கே சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி திரௌபதிக்காகத்தான் நடக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பாரதக் கட்டங்கள் சடங்குகளாக நடந்து, கடைசியில் பார்த்தவர்கள் தாங்களே பூக்குழியில் இறங்குகிறார்கள். கதையைப் பார்த்தவர் அதற்குப் பிறகு தன் பாதத்தால் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அது. எந்த மல்டிபிளெக்ஸிலும் இதற்கு வழி இல்லை என்பது வேறு கதை.

இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால் எச்பிஓ தொடர் ஏன் ஓடியது என்பதற்கு எனக்கு ஒரு விடை தெரிகிறது. அவர்கள் கேமின் ஆட்டத்தைத் திரும்ப ஆடிக்காட்டவில்லை. கேமில் மருத்துவமனைச் சண்டை நெஞ்சு படபடக்கும் வேலை. குண்டு எத்தனை மிச்சம், யார் எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதே நினைப்பு. தொடரில் அந்த இடத்தில் வெடிச் சத்தம் அமுங்கி, சோகமான இசை மேலே வருகிறது. ஜோயல் முகத்தில் எதுவும் இல்லாமல் நடந்துபோய்க்கொண்டே சுடுகிறான். சரணடைய நிற்கிறவனையும் சுடுகிறான். பரபரப்பை எடுத்துவிட்டு, பார்க்க வைக்கிறார்கள். அதுவரை எட்டுப் பாகம் ஜோயலை நமக்குப் பிடிக்கவைத்திருக்கிறார்கள். அவன் அந்தச் சிறுமியைக் காப்பாற்ற வேண்டும் என்று நாமும் நினைத்திருக்கிறோம். நாம் நினைத்தது நடக்கிறது. நம் கையில் பொத்தான் இல்லை, ஆனால் அந்தச் சபையில் நாமும் உட்கார்ந்திருந்தோம்.

பெரியம்மாவை அது தொட்டதா? அவர் முந்தைய பாகங்களைப் பார்க்கவில்லை. ஜோயல் மீது ஆசை வைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் வெறும் இரக்கத்தோடு நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். சபையில் உட்காரவைப்பதற்கு முன் பகடையைப் பார்க்கவைக்க வேண்டும். கூத்து விடிய விடிய நடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அதே தொடரின் மூன்றாம் பாகத்தையும் சொல்ல வேண்டும். கேமில் பில் என்ற முரட்டு மனிதன் ஒருவன் வருவான். அவனுடைய துணைவன் ஃபிராங்க் நாம் போய்ச் சேரும்போது தூக்கில் தொங்கிக்கொண்டிருப்பான். கசப்பான ஒரு கடிதம் விட்டுப் போயிருப்பான். ஆடுபவருக்கு அது வழியில் கண்ட ஒரு பிணம். தொடர் அந்த இருவருக்கும் ஏறத்தாழ ஒரு முழுப் பாகத்தையே கொடுத்து, அவர்கள் சேர்ந்து வாழ்ந்து முதுமை அடைந்து சேர்ந்தே இறப்பதைக் காட்டியது. மூலத்துக்கு விசுவாசம் என்று பார்த்தால் இது துரோகம். ஆனால் கேமில் நாம் சுடுவதற்கும் ஓடுவதற்கும் இடையில் தாண்டிப்போன ஒருவருக்கு வாழ்க்கை இருந்தது என்று திரை நம்மை நிறுத்திச் சொல்கிறது. ஆடுபவரால் முடியாததைப் பார்ப்பவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இடம் இல்லாத கட்டத்துக்கு ஈடாகப் புதிய அட்டவணையில் ஒரு கட்டத்தைத் திறக்கும் வேலை இது. என் தொழிலில் இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் சம்பளம் அதிகம்.

மாரியோவுக்கு இந்தக் கவலையெல்லாம் தேவையில்லை. ஆமையை மிதித்ததற்காக யாரும் தூக்கம் கெட்டதில்லை.

தமிழ் சினிமா கேம்களின் உரிமையை விலை கொடுத்து வாங்குவதைவிட அவற்றின் வடிவத்தை எடுத்துக்கொள்வதில் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறது. அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) படத்தில் நாயகி கேம் வடிவமைப்பவள். தன்னைக் கொல்ல வருகிறவர்களிடம் மூன்று உயிர்களோடு போராடுகிறாள். வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) படத்தில் சிம்பு செத்துச் செத்துத் திரும்ப வருகிறார், எஸ். ஜே. சூர்யாவும் அந்தச் சுழலுக்குள் வந்ததும் ஆட்டம் இருவர் ஆடுவதாக மாறுகிறது. நான் கைதட்டி ரசித்த படம். ஆனால் திரும்பத் திரும்ப வருவதால் சாவு அங்கே சிரிப்பாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'கேம் ஓவர்' சிரிக்க விடவில்லை. ஒவ்வொரு உயிர் போகும்போதும் அந்தப் பெண்ணுக்கு வலிக்கிறது, அடுத்த முறைக்கு அவள் அந்த வலியையும் கொண்டுவருகிறாள். இரண்டில் எது கேமின் உள்ளத்துக்கு நெருக்கம் என்று கேட்டால் நான் அஸ்வின் பக்கம்.

இவற்றைவிட நமக்கு நெருக்கமானது 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். துப்பாக்கி கிடையாது, சமையல்தான். அம்மாவின் பழைய சமையல் புத்தகத்தில் சில இடங்கள் அழிந்துபோயிருக்கும், மீதியை ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். ஓர் உட்காரலில் ஆடி முடித்துவிடலாம், ஒரு படத்தின் நீளம்தான். இதைப் படமாக எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

எனக்குத் தயக்கம் உண்டு. படமாக எடுத்தால் நாம் வெண்பாவுக்காக அழுவோம். புலம்பெயர்ந்த தாய், மொழி மறக்கும் மகன், குளிர், தனிமை. கண்ணீருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆனால் கேம் நம்மை அழச் சொல்லவில்லை, இட்லித் தட்டை அடுக்கச் சொல்கிறது. என் மகள் ஆடும்போது தட்டுகளைத் தப்பாக அடுக்கினாள், இட்லி கெட்டது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை இட்லி சாப்பிடுகிறவள். "இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லப்பா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது, தமிழ் அவளுக்குப் பள்ளியில் ஒரு பாடம். பிற்பகுதியில் கவினே அம்மாவின் குறிப்பை வைத்துக்கொண்டு தன் அரைகுறைத் தமிழோடு சமைக்க வேண்டிவரும். அங்கே விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அடுப்பங்கரையில் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

படத்தில் இந்த எழுந்துபோதலுக்கு எது ஈடு? யாராவது நிஜமாகவே எடுக்கப்போகிறார்கள் என்றால் ஒரு வேண்டுகோள். கவின் அந்தப் புத்தகத்தைத் திறக்கிற காட்சியில் கேமரா பக்கத்தின் மேலேயே நிற்கட்டும், நீண்ட நேரம், கொஞ்சம் சலிக்கும் அளவுக்கு. கையெழுத்துத் தமிழ், எண்ணெய்க் கறை, பாதி அழிந்த அளவுகள். கீழே வசனவரி போட வேண்டாம். பின்னணியில் யாரும் வாசித்துக் காட்டவும் வேண்டாம். டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ தியேட்டரில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது புரியாது. இருட்டில் பக்கத்து இருக்கையில் இருக்கும் அம்மாவிடம் குனிந்து கேட்கட்டும்.